நாப்பது நாள் கோழியும் என் ரெயின்கோட் பட்டனும்

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் பெரிய விலங்குப் பிரியை எல்லாம் கிடையாது. நாயப் பாத்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவேன், பூனை மடியில ஏறுனா கல்லு மாதிரி அசையாம உக்காந்திருப்பேன், கோழிய கையில புடிச்சது வாழ்க்கையில ஒரே ஒரு தடவ, அதுவும் அது றெக்கைய அடிச்சதும் கீழ போட்டுட்டு ஓடிட்டேன். அதனால நான் ஏன் கறி சாப்பிடறத விட்டேன்னு யாராச்சும் கேட்டு, நானும் காரணத்த சொன்னா, "ஓ, உங்களுக்கு அனிமல்ஸ்னா ரொம்ப புடிக்குமோ"ன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, எனக்கு சிரிப்பு தான் வரும். புடிக்கறதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம். எங்க மேல்வீட்டுக்காரர எனக்கு சுத்தமா புடிக்காது, அதுக்காக அவர் கால்ல கல்லத் தூக்கிப் போடலாம்னு ஆயிடுமா.

இன்னொண்ணும் சொல்லிடணும். சைவம்னா உசத்தி, சுத்தம், கறி திங்கறவன் ஒரு படி கீழன்னு ஒரு பேச்சு ஓடிட்டிருக்கு இல்லையா, அந்தப் பக்கம் என்னைய சேத்துடாதீங்க. அந்த மாதிரி ஆளுங்களோட உக்காந்து சாப்பிடறத விட கறி சாப்பிடற என் அண்ணன் கூட உக்காந்து சாப்பிடறது எனக்கு நிம்மதி. என் தட்டுல இருக்கறது என் பிரச்சன, அடுத்தவன் தட்ட வச்சு அவன அளக்கறது வேற வியாதி.

சரி, விஷயத்துக்கு வரேன்.

அஞ்சு வருஷம் இருக்கும். நல்ல மழை, ஆபீஸ் முடிஞ்சு வந்துட்டிருக்கேன், சிக்னல்ல நிக்கறேன், என் ஸ்கூட்டருக்குப் பக்கத்துல கோழி ஏத்திட்டுப் போற வண்டி ஒண்ணு வந்து நின்னுச்சு. பிளாஸ்டிக் கூண்டுங்க ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ஒவ்வொண்ணுலயும் வெள்ளக் கோழிங்க நிக்க கூட எடமில்லாம நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு, மேல் கூண்டுல இருக்கறது போடற எச்சம் கீழ் கூண்டு கோழி முதுகுல, அதுக்கு மேல மழைத் தண்ணி. இதெல்லாம் நான் ஆயிரம் தடவ பாத்த காட்சி தான், மூக்கப் பொத்திக்கிட்டு சிக்னல் எப்ப விழும்னு பாத்துட்டிருக்கறது தான் எப்பவும் வழக்கம். அன்னைக்கு என்னன்னா, சரியா என் முழங்கை ஒயரத்துல இருந்த கூண்டுல ஒரு கோழி. நெஞ்சுப் பக்கம் ரோமமே இல்ல, செவந்த தோலு தெரியுது. கோழிக்கு கண்ணு ரெண்டும் ரெண்டு பக்கமா இருக்கறதால எதையாச்சும் உத்துப் பாக்கணும்னா தலைய ஒரு பக்கமா சாச்சு ஒத்தக் கண்ணால தான் பாக்கும், அப்படி தலைய சாச்சு என் ரெயின்கோட் கையில இருந்த பட்டன பாத்துச்சு. சில்வர் கலர் பட்டன், மழையில நனைஞ்சு மின்னிட்டிருந்திருக்கும் போல. கம்பி இடுக்கு வழியா கழுத்த நீட்டி ஒரு கொத்து. டொக். அப்புறம் தலைய உள்ள இழுத்து இந்தப் பக்கமா சாச்சு இன்னொரு கண்ணால ஒரு பார்வ. மறுபடி டொக். அவ்வளவு தான், சிக்னல் விழுந்துடுச்சு, வண்டி போயிடுச்சு.

கெஞ்சலையே, கத்தலையே, சினிமாவுல வர்ற மாதிரி கண்ணுல தண்ணி ஒண்ணும் வரலையே. அது பாட்டுக்கு இது என்னடா மின்னுதுன்னு பாத்துச்சு. இன்னும் ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ அதுக்கு இருந்திருக்கும், அதுல கொஞ்சத்த என் பட்டனுக்கு செலவு பண்ணிச்சு.

இத்தோட நான் திருந்திட்டேன்னு நெனச்சீங்கன்னா தப்பு. அன்னைக்கு ராத்திரி வீட்ல கோழி தான், நான் ரெண்டாவது தடவயும் கேட்டு வாங்கி சாப்பிட்டேன். மனசு அப்படி எல்லாம் ஒரே அடியா மாறாது, எனக்கு மாறல. ஆனா ஒரு சின்ன விஷயம் மட்டும் மண்டைக்குள்ள குடைஞ்சுட்டே இருந்துச்சு, சத்தம். அந்த வண்டியில இருந்து வந்த சத்தம் கொக்கரிக்கற சத்தமே இல்ல, கீச் கீச்னு இருந்துச்சு. அவ்வளவு பெரிய கோழி எதுக்கு குஞ்சு மாதிரி கீச்சிடுது? ரெண்டு நாள் கழிச்சு தேடிப் பாத்தேன். பதில் ரொம்ப சிம்பிள், அது குஞ்சு தான். பிராய்லர் கோழிய அஞ்சு வாரம், ஆறு வாரத்துல அறுத்துடறாங்க, அதாவது கிட்டத்தட்ட நாப்பது நாள். சும்மா விட்டா ஒரு கோழி அஞ்சாறு வருஷம் வாழும், சிலது அதுக்கு மேலயும். உடம்பு மட்டும் ஊதிப் போச்சு, தொண்ட இன்னும் வளரல.

ஏன் அப்படி ஊதுதுன்னா எல்லாரும் ஊசி போடறாங்கன்னு சொல்வாங்க, நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். பாத்தா பெரும்பாலும் இனப்பெருக்கத் தேர்வு தான், தலைமுறை தலைமுறையா எது சீக்கிரம் வெயிட் போடுதோ அதையே சேத்து சேத்து உண்டாக்குன பறவ. கனடாவுல ஆல்பர்ட்டா யுனிவர்சிட்டியில ஒரு சோதன பண்ணி 2014ல வெளியிட்டாங்க, 1957ல இருந்த கோழி ரகத்தையும் 2005ல இருந்த ரகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே தீவனம் போட்டு வளத்திருக்காங்க. 56 நாள்ல பழைய ரகம் சுமாரா 900 கிராம், புது ரகம் 4 கிலோவுக்கு மேல. தீவனம் ஒண்ணு தான். இந்த வெயிட்ட தாங்க முடியாம காலு வளைஞ்சு போறதும், இதயம் ஒத்துழைக்காம திடீர்னு செத்து விழறதும் அந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்கு நல்லா தெரிஞ்ச விஷயம். நெஞ்சுல ஏன் ரோமம் இல்லன்னு அப்பத்தான் புரிஞ்சுது, நிக்க முடியாம நெஞ்ச தரையில போட்டு படுத்தே கெடந்திருக்கும்.

அது வரைக்கும் எனக்குள்ள ஒரு கணக்கு இருந்துச்சு, அது பாட்டுக்கு மேஞ்சு திரிஞ்சு வாழ்ந்துச்சு, ஒரு நாள் செத்துச்சு, நம்ம சாப்பிட்டோம், எல்லாரும் ஒரு நாள் சாகத்தானே போறோம்னு. அந்தக் கணக்குல "வாழ்ந்துச்சு"ங்கற பகுதியே பொய்னு ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் ஒரு ஒன்னர வருஷம் நான் பண்ணது சுத்த வக்கீல் வேல. எப்படியாவது சாப்பிடறத நியாயப்படுத்த ஒரு காரணம் கெடைக்குமான்னு தேடித் தேடிப் படிச்சேன். நெஜமா சொல்றேன், விடணும்னு படிக்கல, விடாம இருக்கணும்னு படிச்சேன், ஒவ்வொரு தடவையும் கேஸ் தோத்துப் போச்சு. கோழிக்கு என்ன பெருசா தெரியப் போகுதுன்னு தேடுனா, 2011ல பிரிஸ்டல் யுனிவர்சிட்டியில பண்ண ஒரு ஆய்வு வந்து நிக்குது. குஞ்சுங்க மேல லேசா காத்த ஊதி ரோமத்த கலைச்சிருக்காங்க, அடிக்கல, குத்தல, வெறும் காத்து. அத பாத்துட்டிருந்த தாய்க்கோழிக்கு இதயத் துடிப்பு எகிறுது, கண்ணுப் பக்கத்து சூடு கொறையுது, குஞ்சுங்கள கூப்பிடற மாதிரி சத்தம் குடுக்குது. காத்துக்கே இப்படி.

சரி ஆடாவது மக்குன்னு பாத்தேன். நம்மளே திட்டும்போது செம்மறி ஆட்டுக் கூட்டம்னு தானே திட்டறோம், முன்னாடி போறது குழியில விழுந்தா பின்னாடி வர்றதும் விழும்னு. கீத் கெண்ட்ரிக்னு ஒரு விஞ்ஞானியும் அவரோட குழுவும் இங்கிலாந்துல ஆராய்ச்சி பண்ணி 2001ல எழுதுனாங்க, ஒரு செம்மறி ஆடு அம்பது மத்த ஆடுங்களோட மூஞ்சிய ரெண்டு வருஷத்துக்கு மேல ஞாபகம் வச்சிருக்குதாம். எனக்கு என்கூட ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ட்ரெயினிங்ல இருந்த முப்பது பேர்ல நாலு பேர் மூஞ்சி கூட ஞாபகம் இல்ல.

மீன் தான் கடைசியா விட்டது. அது கத்தாது, மூஞ்சியில ஒண்ணும் தெரியாது, கண்ண மூடக் கூட மூடாது, அதனால மனசு ஒதுக்கி வச்சுடுது. 2003ல லின் ஸ்னெடன்ங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் ட்ரௌட் மீனோட ஒதட்டுல ஆசிட்ட கொஞ்சமா ஊசி மூலமா செலுத்திப் பாத்தாங்க. மீனு சாப்பாட்ட விட்டுடுச்சு, அங்கயும் இங்கயும் ஆடுச்சு, ஒதட்ட கொண்டு போய் தொட்டிக்கு அடியில இருக்கற கல்லுல தேய்ச்சுச்சு. நமக்கு பல்லு வலிச்சா கன்னத்த அழுத்திக்கறோமே, அதே வேல தான். மார்ஃபின் குடுத்தா அது கொறையுது. இதப் படிச்சிட்டு ஒரு மாசம் மீன் சாப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும் அந்தக் கல்லு ஞாபகம் வந்துச்சு, அப்புறம் முடியல. (அந்த மீனுக்கு அந்த சோதனைய பண்ணதும் மனுஷன் தானேன்னு ஒரு யோசன வரும், எனக்கும் வந்துச்சு, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.)

வாயில்லா ஜீவன்னு சொல்றோம் இல்ல. அந்த வண்டி முழுக்க வாயி தான். எரநூறு முந்நூறு வாயி கீச் கீச்னு கத்திட்டு தான் போச்சு.

முட்ட கதை வேற. அதுல யாரும் சாகறதில்லையேன்னு ரொம்ப நாள் ஓட்டுனேன், அப்புறம் தான் ஆம்பளக் குஞ்சுங்க விஷயம் தெரிஞ்சுது. முட்டைக்குன்னு வளக்கற ரகத்துல சேவக்குஞ்சு முட்ட போடாது, கறிக்கும் சீக்கிரம் வெயிட் போடாது, அப்ப அத வச்சு என்ன பண்றது. பொரிச்ச அன்னைக்கே தரம் பிரிச்சு கொன்னுடறாங்க, சில எடத்துல கேஸ் விட்டு, சில எடத்துல அப்படியே மெஷின்ல அரைச்சு. ஒரு நாள் வயசு. உலகம் முழுக்க வருஷத்துக்கு பல நூறு கோடி. ஜெர்மனியில 2022ல இருந்து இத சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க, முட்டையிலயே ஆணா பொண்ணான்னு கண்டுபுடிக்கற மெஷின் வந்துடுச்சு, ஃபிரான்ஸும் அதே வழியில போயிடுச்சு. அதாவது இத மாத்த முடியும், மனசு வச்சா. பொட்டக் கோழிக்கும் ஒண்ணும் பெரிய வாழ்வு இல்ல, காட்டுல இருக்கற அதோட மூதாதை வருஷத்துக்கு பத்து பதினஞ்சு முட்ட தான் போடும், இது முந்நூறு போடுது, பழைய மாதிரி கூண்டுல அதுக்கு கெடைக்கற எடம் ஒரு ஏ4 பேப்பர் அளவு கூட இல்ல. பிரிண்டர்ல பேப்பர் வைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும், ஆபீஸ்ல சொன்னா லூசுன்னு நெனைப்பாங்கன்னு சொன்னதில்ல.

வீட்ல சொன்னப்போ நடந்தது ஒரு தனி படம். அம்மா மொதல்ல நம்பவே இல்ல. "ஏன்டி, யாராச்சும் சாமியார் கிட்ட போறியா"ன்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன். "அப்ப ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" இல்லம்மா. "காதலா?" அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்னேன், அம்மா பாட்டுக்கு யோசிச்சிட்டே உள்ள போயிட்டாங்க. காரணத்த சொன்னதும் தான் கோவம் வந்துச்சு, எனக்கு அப்ப புரியல, இப்ப புரியுது. பாவம்னு நான் சொன்னது அவங்க காதுல, இத்தன வருஷமா பாசமா ஆக்கிப் போட்டியே அது பாவம்னு சொன்ன மாதிரி விழுந்திருக்கு. நான் சாப்பிட்டு வளந்த கை அது. இத எப்படி சொல்றதுன்னு எனக்கு இன்னும் சரியா தெரியாது, நான் விட்டதுல ரொம்ப கஷ்டமான பகுதி கறியோட ருசி இல்ல, அம்மா கரண்டியோட வந்து நின்னு "கொஞ்சூண்டு"ன்னு கேக்கும்போது வேணாம்னு சொல்றது. ரெண்டு மூணு தடவ அவங்களுக்காக சாப்பிட்டும் இருக்கேன். அப்புறம் ஒரு நாள் அவங்களே எனக்குன்னு தனி கரண்டி எடுத்து வச்சாங்க, ஒண்ணும் பேசிக்கல.

அண்ணன் ஒரு ரகம். "செடிக்கும் உயிர் இருக்கே, கத்தரிக்கா அழாதா?" இந்தக் கேள்விய சைவமா மாறுன ஒவ்வொருத்தரும் காதுல வாங்கியே தீரணும், விதி. எனக்கு தெரிஞ்ச பதில், செடிக்கு மூளையோ நரம்போ கெடையாது, வலின்னு நம்ம சொல்ற அனுபவம் அதுக்கு இருக்குன்னு காட்ட ஒண்ணும் இல்ல. சரி இருக்குன்னே வச்சுக்குவோம், ஆடும் மாடும் கோழியும் காத்தயா திங்குது, ஒரு கிலோ கறிக்கு அதவிட அதிகமா தீவனம் போகுது, அப்ப கறி சாப்பிடறவன் தான் செடியவும் நெறைய கொல்றான். இத நான் ஒரு தடவ மூச்சு விடாம சொன்னேன், அண்ணன் கேட்டுட்டு "சரி, உப்ப எடு"ன்னான். அவ்வளவு தான் விவாதம்.

அவன் பையன் தான் சரியா ஒண்ணு கேட்டான், ஆறு வயசு. "அத்தை, கோழி உங்க ஃப்ரெண்டா?" இல்லடா, எனக்கு கோழின்னா பயம்னு சொன்னேன். "பயந்தா சாப்பிட மாட்டீங்களா?" அப்படி இல்லடா, அதுக்கும் பயம் இருக்குமில்ல அதான்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு தட்டுல இருந்தத சாப்பிட்டு முடிச்சான். நான் ஒண்ணும் சொல்லல. கொழந்த தட்டுல குத்த உணர்ச்சிய போட எனக்கு மனசு வரல.

இங்க ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும், ஏன்னா நான் சூடு பட்டிருக்கேன். விட்டு ரெண்டு வருஷம் கழிச்சு காலு ரெண்டும் மதமதன்னு, எறும்பு ஊர்ற மாதிரி. படியேறுனா மூச்சு வாங்குது, சொன்ன வார்த்தை மறந்து போகுது. வேலை டென்ஷன்னு நானே ஒரு காரணத்த வச்சுக்கிட்டு நாலு மாசம் ஓட்டுனேன். டெஸ்ட் எடுத்தா பி12 பாதாளத்துல கெடக்கு. பி12 செடியில கெடையாதுங்க, பாக்டீரியா தான் அத உண்டாக்குது, நமக்கு அது கறி, மீன், முட்ட, பால் வழியா தான் வருது. ஈரல்ல ஸ்டாக் இருக்கறதால நிறுத்துன உடனே தெரியாது, வருஷக்கணக்குல மெதுவா தீரும், தீர்ந்தப்புறம் நரம்பப் புடிக்கும். எனக்கு ஊசி, அப்புறம் மாத்திர, சரியாயிடுச்சு, ஆனா ரொம்ப தள்ளிப் போட்டா நரம்புக்கு வந்த சேதம் முழுசா திரும்பாமலும் போகலாம். அதனால கருணை எல்லாம் சரி, பி12 மாத்திரைய மறக்காதீங்க, டாக்டர் கிட்ட கேட்டு போடுங்க. அம்மா கிட்ட ரிசல்ட்ட காட்டுனப்போ அவங்க மூஞ்சியில "நான் அப்பவே சொன்னேன்"ங்கறது எழுதி ஒட்டியிருந்துச்சு.

அப்புறம் இந்த லேபிள் படிக்கற பைத்தியம். கேப்சூல் உறையில ஜெலட்டின், அது மாட்டு எலும்பு, பன்னித் தோலுல இருந்து வரும். சில சீஸுல ரென்னெட், கன்னுக்குட்டி வயித்துல இருந்து. சிவப்பு கலருக்கு கார்மைன், அது பூச்சிய நசுக்கி எடுக்கறது. ஆரம்பத்துல கடையில நின்னு ஒவ்வொரு பாக்கெட்டா திருப்பிப் படிச்சிட்டு, கூட வந்தவங்க போயிட்டு வந்துட்டு "இன்னும் இங்கயேவா"ன்னு கேக்கற அளவுக்கு. இப்ப அந்த வெறி கொறைஞ்சிடுச்சு. முடிஞ்சத பாக்கறேன், தெரியாம போனா போகட்டும். உலகத்துல வருஷத்துக்கு 8,000 கோடிக்கு மேல தரை விலங்குங்கள கொல்றாங்க, அதுல பெரும்பகுதி கோழி தான், மீன் இந்தக் கணக்குலயே இல்ல. நான் ஒருத்தி விட்டா அந்த நம்பர் அசையுமான்னு கேட்டா அசையாது. எனக்கு அந்த நம்பர் கண்ணுக்கே தெரியறதில்ல, ஒரு பட்டனும் ஒத்தக் கண்ணும் தான் தெரியுது.

ரெயின்கோட் இன்னும் இருக்கு. பட்டன்ல ஒண்ணும் கொத்துன தடம் எல்லாம் இல்ல, பாத்துட்டேன்.

பால் மட்டும் இன்னும் விடல. மாடு கன்னு போட்டா தான் பால் சுரக்கும், அந்தக் கன்னு காளையா பொறந்தா அதுக்கு என்ன ஆகுது, கறவ நின்ன மாடு எங்க போகுதுன்னு எனக்கு தெரியும். முட்டைக்கு நான் வச்ச அதே வாதம் வார்த்த மாறாம பாலுக்கும் பொருந்துது, அதுவும் தெரியும். போன வருஷம் ஓட்ஸ் பால் வாங்கிப் பாத்தேன், டீயில ஊத்துனா திரிஞ்ச மாதிரி ஆகி மேல மெதந்துச்சு, ரெண்டு நாள் குடிச்சேன், மூணாவது நாள் பழையபடி. வக்கீல் வேல இன்னும் நடந்துட்டு தான் இருக்கு, இந்த கேஸ்லயும் தோக்கப் போறேன்னு தெரிஞ்சே வாய்தா வாங்கிட்டிருக்கேன். இத டைப் பண்ணும்போது பக்கத்துல டீ இருக்கு, பால் டீ தான், ஆடை கட்டிடுச்சு.